இரண்டு குடித்தன மெத்தை வீடு விற்பனைக்கு

"அமைதியான வீதி. இரண்டு குடும்பம் தாராளமாக இருக்கலாம். கீழும் மேலும் தனித்தனி. கிணறு உண்டு. வில்லங்கம் இல்லை." புதுவையில் பழைய மெத்தை வீடு ஒன்று விற்பனைக்கு வரும்போது தரகர்கள் சொல்வது ஏறக்குறைய இந்த ஐந்து வாக்கியங்கள்தான். மண்டிக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூங்காத நம் வியாபாரப் பெருமக்கள், இந்த ஐந்து வாக்கியத்தை மட்டும் எடை போடாமல் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு மூட்டை துவரம்பருப்பு வந்து இறங்கினால் குத்தூசி போட்டு மாதிரி எடுத்துப் பார்க்கிறோம். முப்பது வருஷச் சம்பாத்தியத்தைக் கொட்டி வாங்குகிற வீட்டுக்கு மாதிரி பார்க்க வேண்டாமா?

இதை எழுதக் காரணம் உண்டு. இப்போது இந்த வகை வீடுகளை விற்பவர்களிலும் நம் கடைவீதிக்காரர்கள் அதிகம், வாங்குபவர்களிலும் நம் கடைவீதிக்காரர்கள் அதிகம். பாட்டனார் கட்டிய வீட்டை ஒரு உறுப்பினர் விற்கிறார், சில்லறைக் கடையில் நாலு காசு பார்த்த இன்னொரு உறுப்பினர் தம்பியோடு சேர்ந்து வாங்குகிறார். தகராறு வந்தால் இருவரும் பஞ்சாயத்துக்கு வருவது நம் சங்கத்துக்குத்தான்.

முதலில் இந்த வீடு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுவோம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வாழ்ந்த வீதிகளில் நடந்தால் எல்லோர் கண்ணிலும் படுவதுதான். கீழே முழுக்கத் தமிழ் வீடு. தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதையொட்டித் திண்ணை, வேலைப்பாடு செய்த தலைவாசல் கதவு, நடை, பிறகு வானம் பார்த்த முற்றம், சுற்றிக் கூடமும் அறைகளும், கடைசியில் கிணற்றடி. மேலே போனால் பிரெஞ்சுக்காரர் பாணி. வளைவு வைத்த ஜன்னல், சாய்வுச் சட்டங்கள் அடித்த ஜன்னல் கதவு, சுண்ணாம்புக் காரையில் தூண், தெருவைப் பார்த்த பலகணி. இந்தக் கலப்புக்கு நம் ஊரில் மூத்த உதாரணம் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. நம்மைப் போல வியாபாரி, துய்ப்ளேக்சுக்கு துபாஷ், 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். அவர் வீடு 1738-ல் கட்டப்பட்டதாகச் சொல்வார்கள். கீழ்க்கட்டில் மரத்தூண், மேல்கட்டில் காரைத்தூண். 1761-ல் ஆங்கிலேயர் இந்த ஊரை இடித்துத் தள்ளியதற்கு முந்தியதாகச் சொல்லப்படும் மிகச் சில வீடுகளில் அது ஒன்று.

இந்த மாதிரி வீட்டில் இரண்டு குடும்பம் இருப்பது சுலபம். அண்ணன் கீழே, தம்பி மேலே. கீழ்வீட்டு முன்னறையில் கணக்குப்பிள்ளை, பின்கட்டில் சமையல். வருகிறவர்கள் திண்ணையில் உட்காருவார்கள். கூட்டு வியாபாரம் இருந்தவரை இந்த ஏற்பாட்டுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. வியாபாரம் பிரிந்த அன்றுதான் கிணறு யாருடையது என்ற கேள்வி பிறக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். வீதிப் பெயரும் வீட்டார் பெயரும் வேண்டாம். 30 அடி அகலம், 120 அடி நீளம், ஆக 3,600 சதுர அடி. நம் ஊர்க் கணக்கில் குழிக்கு 576 சதுர அடி என்றால் ஆறேகால் குழி. எண்ணெயும் வெல்லமும் விற்ற அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்குப் பாதி. பெரியவர் காலமானபோது மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பெண் என நாலு பேர் வாரிசு. சின்னவர் மனைவி முன்பே போய்விட்டார், பிள்ளைகள் மூவர். அப்படியானால் பெரியவர் வழியில் ஆளுக்கு அரைக்கால், சின்னவர் வழியில் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. கையெழுத்து ஏழு. அதில் இரண்டு கையெழுத்து பிரான்சில் இருக்கிறது.

விற்பது என்று பேச்சு எழுந்ததும் ஏழு பேருக்கு எட்டு யோசனை. நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கலாம் என்றார் ஒருவர். இதைப் பலபேர் செய்திருக்கிறார்கள், செய்தவர்கள் வீட்டைப் போய்ப் பாருங்கள். 30 அடி வீட்டை நீளவாக்கில் வெட்டினால், சுவர் போக ஆளுக்கு 14 அடிச் சொச்சம் அகலத்தில் 120 அடி நீளத்துக்கு ஒரு ரயில் பெட்டிதான் மிஞ்சும். முற்றத்தின் நடுவில் சுவர் வந்தால் இரண்டு பக்கமும் வெளிச்சம் போச்சு, காற்று போச்சு. பகலில் விளக்கு எரியும். முற்றம் என்பது அந்த வீட்டின் மூச்சுக்குழல், அதைப் பங்கு போட முடியாது. முன்கட்டு ஒருவருக்கு, பின்கட்டு ஒருவருக்கு என்று பிரித்தால் பின்கட்டுக்காரருக்கு வழி வேண்டும். அந்த மூன்றடிச் சந்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுப் படி ஏறுகிற குடும்பங்களை இந்த ஊரில் நாம் பார்த்திருக்கிறோம். நம் அபிப்பிராயம் இது: முடிந்தால் ஒரு வழியார் முழுசாக எடுத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் கொடுப்பது உத்தமம். முடியாவிட்டால் கீழ், மேல் என்று குறுக்கே பிரிப்பது மத்திமம். நீளவாக்கில் வெட்டுவது வீட்டைக் கொல்வது.

இதற்குள் தரகர் வந்துவிட்டார். "முதலாளி, மண்ணுக்குத்தான் விலை. மேலே நிக்கிறது குப்பை. இடிச்சு அள்ளவே நாலு லட்சம் ஆகும்" என்றார். பழைய வீட்டுக்கு விலை பேசுகிற ஒவ்வொரு இடத்திலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். மனை சதுர அடி பத்தாயிரம் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 3 கோடியே 60 லட்சம். அதில் இடிக்கும் செலவைக் கழி என்பது அவர் வாதம்.

நாம் விசாரித்தவரை, தேக்கு உத்திரமும் தூணும் உள்ள வீட்டை இடிக்க வருகிறவன் கூலி கேட்பதில்லை, எதிரே பணம் கொடுத்துவிட்டு மரத்தை ஏற்றிப் போகிறான். அந்தத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் போய் நிற்கும். அங்கிருந்து பணக்காரர் பங்களாவுக்குப் போகும். குப்பைக்கு எவனாவது லாரி வாடகை கொடுப்பானா? வாங்குகிறவன் சரக்கைப் பழிப்பது வியாபார தர்மம், நாமும் செய்கிறதுதான். விற்கிறவன் அதை நம்பிவிடக் கூடாது.

வீட்டை வீடாகவே வைத்து விலை பெற்றவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். கல்வே சுப்பராயச் செட்டி வீதி, நாம் வைசியாள் வீதி என்று சொல்வது, அங்கே 2000-க்குப் பிறகு ஐரோப்பிய யூனியனின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்டத்தில், இன்டாக் அமைப்பின் கைவேலையோடு, வரிசையாகப் பல வீடுகளின் முகப்புகள் பழையபடி சீர் செய்யப்பட்டன. இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நேவ் சூர் லோத்தும் அதில் கூட்டாளி நகரங்கள். 2008-ல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒரு கட்டடத்துக்குக் கிடைத்ததல்ல, தாழ்வாரமும் திண்ணையுமாக ஒரு வீதிக்கே கிடைத்தது. அதே வீதியில் ஒரு பழைய வீடு 'கல்வே' என்ற பெயரில் ஓட்டலாயிற்று. பெருமாள் கோயில் வீதியில் இன்னொரு வீடு 'மேசோன் பெருமாள்' ஆயிற்று. முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட வெளியூர்க்காரர் பணம் கொடுக்கிறார். எல்லா வீடும் ஓட்டலாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அப்படி ஆனால் வீதியில் குடியிருக்க ஆள் இருக்காது. முற்றத்துக்கு ஒரு விலை உண்டு என்பதற்குச் சாட்சியாகச் சொன்னோம்.

பராமரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. கடற்கரைச் சாலையில் இருந்த நம் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. சர்க்கார் கட்டடத்துக்கே அந்தக் கதி. அதே உருவில் திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆயிற்று. இந்த வீடுகளின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மட்டப்பா. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்பில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டோடு பதித்தது. ஒழுகினால் பலபேர் அவசரத்துக்குச் சிமெண்டு பூசுகிறார்கள். உள்ளே புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் கட்டையின் முனையில் இறங்குகிறது. சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த முனைதான் முதலில் உளுக்கும். வீடு பார்க்கப் போகிறவர் கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதாது. ஏணி போட்டு, கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஆணியால் குத்திப் பாருங்கள். அதுதான் இந்தச் சரக்குக்குக் குத்தூசி. மழை பெய்கிற கார்த்திகையில் போவது நல்லது, சித்திரை வெயிலில் எந்த வீடும் ஒழுகாது.

இன்னொன்று நம் தொழிலுக்கே உரியது. மாடியில் ஒரு அறையைச் சரக்கு அறையாக வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் வாங்குகிறவர் உண்டு. ஐம்பது கிலோ மூட்டை நூறு அடுக்கினால் 5 டன். குடும்பம் புழங்கக் கட்டிய மரத்தளம் அது, கிடங்கு அல்ல. கீழே ஒரு குடும்பம் படுத்திருக்கிறது என்பதை நினைக்க வேண்டும். "அமைதியான வீதி" என்பதன் பொருளும் அதுவே: லாரி வராது, வந்தால் திரும்பாது, ராத்திரி லோடு இறக்கினால் எதிர்வீட்டார் போலீசைக் கூப்பிடுவார். சனி ஞாயிறு வந்தால் கார் நிறுத்த இடம் தேடி வருகிற வெளியூர்க் கூட்டத்தில் அந்த அமைதியும் பாதிதான். தரகர் காட்டுகிற செவ்வாய்க்கிழமைக் காலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இப்போது காகிதம். இதில்தான் புதுவைக்கும் சற்றுத் தள்ளியுள்ள கடலூர்ப் பக்கத்துக்கும் வித்தியாசம். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. இந்து வாரிசு உரிமைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது 1963 அக்டோபரில். சொத்து மாற்றம் போன்ற பல சட்டங்கள் 1968-ல் தான் நீட்டிக்கப்பட்டன. ஆகவே பாட்டனார் எந்த வருஷம் காலமானார் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். பழைய புதுச்சேரி இந்து வழக்கத்தில் தகப்பனார் உயிரோடு இருக்கும்வரை சொத்து முழுக்க அவருடையது, பிள்ளைக்குப் பிறந்த உடனே பங்கு என்பது கிடையாது. கடலூரில் பிறந்த சம்பந்தி இதைக் கேட்டால் நம்பமாட்டார். இன்னொரு வகை, 1881-ஆம் வருஷத்து ஆணைப்படி தங்கள் சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறிய 'ரெனோன்சான்' குடும்பங்கள். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்னோடியாக 'லபோர்த்' என்ற பெயரை ஏற்றார். அந்தக் குடும்பங்களுக்கு இந்து வாரிசுச் சட்டம் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. விற்கிறவர் எந்த வகை என்பதை வக்கீல் விசாரித்துச் சொல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பழைய பத்திரம் நொத்தேர் எழுதிய பிரெஞ்சுப் பத்திரமாக இருக்கும். மொழிபெயர்ப்பு வேண்டும். பெயர்களின் எழுத்துக்கூட்டு தனித் தலைவலி. சுப்பராயன், முத்து என்ற பெயர்களில் 'உ' வரும் இடமெல்லாம் பிரெஞ்சில் இரண்டு எழுத்து போட்டிருப்பார்கள். கோவிந்தசாமி அங்கே வேறு எழுத்தில் ஆரம்பிப்பார். பேரனின் ஆதார் அட்டையில் ஆங்கிலக் கூட்டு. இருவரும் ஒரே வம்சம் என்று நிரூபிக்கப் பிரமாணப் பத்திரமும் வாரிசுச் சான்றும் வேண்டும். பழைய கதாஸ்தர் எண், பிறகு வந்த ஆர்.எஸ். எண், டி.எஸ். எண், வார்டு, பிளாக் எல்லாம் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றனவா என்று சர்வேயரை வைத்து அளந்து பார்க்க வேண்டும். வீட்டின் நான்கு எல்லையில் பொதுச்சுவர் எது, சொந்தச் சுவர் எது என்பது பத்திரத்தில் இருந்தால் புண்ணியம். மரபுக் கட்டடப் பட்டியலில் வீடு இருக்கிறதா என்பதைத் திட்டக் குழுமத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம். இருந்தால் முகப்பில் கை வைக்க அனுமதி வேண்டும்.

பிரான்சில் இருப்பவரின் அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று வர வேண்டும். வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதிகாரப் பத்திரத்தையே விற்பனையாக நினைத்துப் பணம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது உரிமையைத் தராது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்கிறவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில். உள்நாட்டவரானாலும் 50 லட்சமோ மேலோ போனால் 2013 முதல் ஒரு சதவீதம் பிடிக்க வேண்டும். அரைக்கால் பங்குக்காரருக்கு 45 லட்சம்தானே போகிறது என்று தப்பிக்க முடியாது, 2024 அக்டோபர் முதல் எல்லோர் பங்கையும் கூட்டித்தான் கணக்கு. ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால், 2015 ஜூன் முதல் அதே அளவு அபராதம் வாங்கியவருக்கு. விற்கிறவர்கள் 1-4-2001 அன்று வீட்டின் மதிப்பு என்ன என்று மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி வைத்தால் லாப வரியில் பெரிய தொகை குறையும். மீதியை ஆடிட்டர் சொல்லட்டும்.

வாரிசுகளுக்குள் ஒரு உரிமை இருப்பது பலருக்குத் தெரியாது. உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் முதல் வகுப்பு வாரிசுகள் சேர்ந்து அடைந்த அசையாச் சொத்திலோ வியாபாரத்திலோ ஒருவர் தம் பங்கை விற்க நினைத்தால், மற்ற வாரிசுகளுக்கு வாங்க முதல் உரிமை உண்டு. இந்து வாரிசுச் சட்டம் 22-ஆம் பிரிவு. ஆகவே ஒரே ஒரு பங்குக்காரர் ரகசியமாக வந்து "என் பங்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், சல்லிசாகத் தருகிறேன்" என்றால் சல்லிசு என்று மயங்க வேண்டாம். குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பங்கு வாங்கிய அந்நியர், பாகப்பிரிவினை ஆகும்வரை உள்ளே போய்க் கூடக் குடியிருக்க உரிமை கோர முடியாது. பணம் கொடுத்து வழக்கு வாங்குகிற காரியம் அது.

நாம் சொன்ன வீட்டின் கதை ஒரு மாதிரியாக முடிந்தது. சின்னவர் வழியார் முழுசும் எடுக்கப் பணம் போதவில்லை. இடிப்பதற்குப் பெரியவர் மனைவி சம்மதிக்கவில்லை. "நான் கண்ணை மூடின பிறகு என்ன வேணா பண்ணிக்குங்கப்பா" என்றுவிட்டார். கடைசியில் ஏழு பேரும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினை பதிவாயிற்று. கீழ்வீடும் பிரிபடாத பாதி மனையும் பெரியவர் வழிக்கு, மேல்வீடும் மொட்டைமாடியும் மறுபாதியும் சின்னவர் வழிக்கு. பிறகு கீழ்வீட்டைத் தேங்காய் மண்டிக்காரர் ஒருவர் வாங்கினார். பெரியவர் மனைவியை ஆயுசுவரை முன்னறையில் இருக்க விடுவது என்று அவரே முன்வந்து கிரயப் பத்திரத்தில் எழுதச் சொன்னது நமக்குப் பிடித்த விஷயம்.

பாகப்பிரிவினையோடு மூன்று பக்கத்தில் பொது உபயோகப் பட்டியல் ஒன்று இணைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் இந்தக் கட்டுரை எழுதும் எண்ணமே வந்தது. கிணறு பொது, மோட்டார் தனித்தனி. படிக்கட்டு மேல்வீட்டுக்குச் சொந்தம், படிக்கட்டுக்கு அடியில் உள்ள இடம் கீழ்வீட்டுக்கு. முற்றத்தின் மேல் கூரை போட இருவருக்கும் உரிமை இல்லை. மட்டப்பா ஒழுகினால் செலவு சரிபாதி, கொத்தனாரை மேல்வீட்டார் கூப்பிட வேண்டும். தாழ்வாரத்துத் தூணில் யாரும் விளம்பரப் பலகை அடிக்கக் கூடாது. சாக்கடை அடைத்தால் கீழ்வீட்டார் பார்ப்பது, பணம் இருவரும். வீட்டு வரியும் மின்சார மீட்டரும் பிரித்தாயிற்று. தை முதல் வைகாசி வரை வாரத்தில் இரண்டு நாள் மொட்டைமாடியில் வற்றல், வடாம் காயவைக்கக் கீழ்வீட்டுக்கு உரிமை உண்டு. இந்தக் கடைசி ஷரத்தை எழுதும்போது பத்திரம் எழுதுபவர் சிரித்தாராம். கிழமையைக் குறித்துவிடுங்கள் என்று பெரியவர் மனைவி சொன்னதால் செவ்வாய், வெள்ளி என்று அதையும் சேர்த்தே எழுதினார்.